முன்னாள் பிரதமர்களை எதைக் கொண்டு எடைபோடுவது? காவிரிக் கரையிலிருந்து ஒரு கணக்கு

சுவாமிமலை கடைத்தெருவில் ஒரு டீக்கடை பெஞ்சில் அண்மையில் கேட்ட பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "மீலாதுக்கு லீவு விட்டவர், காவிரிக்கு நடுவர் மன்றம் கொடுத்தவர் வி.பி. சிங். பிரதமர்னா அவர் ஒருத்தர்தான்" என்றார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர், "நரசிம்ம ராவ் பேரை மட்டும் யாரும் எடுக்காதீங்க" என்றார். கடைக்காரருக்கு இந்திரா காந்திதான் உசத்தி. வங்கிகள் அரசுடைமை ஆனபிறகுதான் தம் தகப்பனாருக்கு முதன்முதலாகப் பேங்க் கடன் கிடைத்தது என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, "ஹஜ்ரத், நீங்க சொல்லுங்க, யார் நல்லா ஆண்டது?" என்று கேட்டார்கள். அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்தோம். முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

மூவரும் சொன்னது பொய்யல்ல. ஆனால் மூவருமே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஆட்சிக்காலம் முழுவதையும் அளந்துவிட்டார்கள். நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. பிள்ளைகள் கேட்டால் "அவர் நம்ம ஆளுக்கு நல்லது செஞ்சார்", "இவர் துரோகி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். மீதியை அவர்கள் வாட்ஸ்அப்பில் படித்துக்கொள்கிறார்கள். நாளை ஓட்டுச்சாவடிக்குப் போகப்போகிறவர்கள் அவர்கள்.

கூஃபாவில் நடந்த விசாரணை

ஆட்சியாளரை மதிப்பிடுவது மார்க்கத்துக்குப் புதிதல்ல. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் கூஃபாவின் ஆளுநராக இருந்தவர்கள் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள். சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். காதிஸிய்யா போரின் தளபதி. அவர்கள்மீது கூஃபாவாசிகள் சிலர் புகார் கொண்டுவந்தார்கள். ஒழுங்காகத் தொழவைப்பதில்லை என்றுகூடச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் ஸஅதைப் பதவியிலிருந்து விலக்கிவிட்டு, விசாரிக்க ஆட்களை அனுப்பினார்கள். விசாரித்தவர்கள் கூஃபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் போய்க் கேட்டார்கள். எங்கும் நல்ல சொல்லே வந்தது. ஒரு பள்ளியில் மட்டும் ஒருவர் எழுந்து குற்றம் சொன்னார். அதையும் மறைக்காமல் பதிவு செய்தார்கள். ஸஹீஹுல் புகாரீயில் இந்தச் செய்தி இருக்கிறது.

இதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில், ஸஅதைத் தாம் விலக்கியது இயலாமைக்காகவும் அல்ல, மோசடிக்காகவும் அல்ல என்று தெளிவுபடுத்திவிட்டுப் போனார்கள். அரபியில் அஜ்ஸ், கியானத் என்ற இரு சொற்கள். ஓர் ஆட்சியாளரின் தவறு இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. ஒருவர் திறமையற்றவராக இருந்து கெடுத்திருக்கலாம். இன்னொருவர் தெரிந்தே கெடுத்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவது அநீதி.

ஹதீஸ் கலையிலும் இதே பிரிவினை உண்டு. அறிவிப்பாளர் நேர்மையாளரா என்பது ஒரு கேள்வி, அவருடைய நினைவாற்றல் துல்லியமானதா என்பது வேறு கேள்வி. பெரிய வணக்கசாலிகளையே நினைவில் பலவீனமானவர்கள் என்று இமாம்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை இழிவுபடுத்தவும் இல்லை. அபூதர் (ரலி) அவர்கள் நேர்மைக்குப் பெயர் பெற்றவர்கள். பதவி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள், அது அமானிதம், நீர் பலவீனர் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அல்கஸஸ் அத்தியாயத்தில் மத்யன் நகரத்துப் பெண், வேலைக்கு அமர்த்தத் தக்கவருக்கு வலிமையும் நம்பகமும் இருக்க வேண்டும் என்று தம் தந்தையிடம் சொல்வதும் இதே கருத்துதான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு கூட்டத்தார்மீது உள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்கிறது அல்மாயிதா. நேசத்துக்கும் அப்படித்தான்; நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமானாலும் சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்பது அந்நிஸாவின் கட்டளை. டீக்கடைப் பேச்சில் நாம் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அரியலூர்

நம் பகுதிக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர். 1956 நவம்பர் 23 அதிகாலையில் அங்கே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமா கொடுத்திருந்தார்; நேரு அப்போது ஏற்கவில்லை, இம்முறை ஏற்றுக்கொண்டார்.

பாலத்தைச் சாஸ்திரி கட்டவில்லை, வெள்ளத்தையும் அவர் கொண்டுவரவில்லை. ஆனாலும் பொறுப்பு தம்முடையது என்றார். அமானிதம் என்ற சொல்லுக்கு நம் ஊர்ப் பிள்ளைகளிடம் விளக்கம் சொல்ல இதைவிடக் கிட்டத்தில் ஓர் உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

அதே சாஸ்திரி பிரதமராக இருந்தபோதுதான் 1965 மொழிப்போராட்டம். தமிழ்நாடெங்கும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகே, பிப்ரவரி 11ஆம் தேதி அவர் வானொலியில் பேசி, நேரு கொடுத்த வாக்குறுதி காக்கப்படும் என்று உறுதி சொன்னார். நேர்மையில் குறையில்லை. நிலைமையைக் கணிப்பதில் பெரும் தாமதம். அரியலூரைச் சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நெல் யாருடைய கணக்கில்?

டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தில்லியில் போட்ட திட்டம் பலித்ததா இல்லையா என்பதை வயலில் பார்த்துக்கொள்ளலாம். நேருவின் கடைசி ஆண்டுகளில் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் வந்தது. நாட்டில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. சாஸ்திரி காலத்தில், 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டதும் தஞ்சாவூரில்தான். அதே காலத்தில் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவைக்கு அது பெரிய மாற்றம். இதற்கெல்லாம் பலன் கண்ணுக்குத் தெரிந்தது இந்திரா காந்தியின் ஆட்சியில். பசுமைப் புரட்சி என்றால் அவர் பெயர்தான் நினைவுக்கு வருகிறது.

திட்டம் ஒருவர் காலத்தில், நிறுவனம் இன்னொருவர் காலத்தில், அறுவடை மூன்றாமவர் காலத்தில். உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தையும், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனையும் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. யூசுஃப் (அலை) அவர்கள் ஏழாண்டுச் செழிப்பில் சேமித்து ஏழாண்டுப் பஞ்சத்தைச் சமாளித்த வரலாற்றில், திட்டமிட்டவரும் நடத்தியவரும் ஒருவரே. ஜனநாயகத்தில் அப்படி அமைவது அபூர்வம். ஒரு பிரதமர் நட்டது அவர் போன பிறகே காய்க்கிறது.

மகசூல் ஏறியதோடும் கணக்கு நின்றுவிடாது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் பகையில் தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். களஞ்சியம் நிறைந்த காலத்தில் அறுத்தவர்களின் நிலை அது. சட்டம் ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு என்பது சரி. ஆனாலும் ஓர் உணவுக் கொள்கையின் வெற்றியை எழுதும்போது இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

விசாரிக்கப்பட்ட ஒரே பிரதமர்

இந்திரா காந்தியின் பெயரில் வங்கி நாட்டுடைமை (1969), வங்கதேசப் போர் (1971) எல்லாம் உண்டு. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் வரையிலான நெருக்கடி நிலையும் உண்டு. ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்தும் ஆர்.எஸ்.எஸ்ஸும் ஒன்றாகத் தடை செய்யப்பட்ட காலம் அது. தில்லி துருக்மான் கேட்டில் முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டு, எதிர்த்தவர்கள்மீது சுடப்பட்டது. 1976-77இல் மட்டும் 80 லட்சம் பேருக்கும் மேல் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. எத்தனையோ இடங்களில் கட்டாயப்படுத்தி. தமிழ்நாட்டு ஆட்சி 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது.

அடுத்து வந்த மொரார்ஜி தேசாய் அரசு, நீதிபதி ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. ஒரு பிரதமரின் ஆட்சிக்காலச் செயல்களை இவ்வளவு விரிவாக, சாட்சிகளை அழைத்து விசாரித்தது நம் நாட்டில் அந்த ஒருமுறைதான் என்று சொல்லலாம். கூஃபாவின் பள்ளிவாசல்களில் கேட்டதைப் போல. 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்ததும் அந்த அறிக்கையின் பிரதிகள் கிடைக்காமல் போயின. முப்பதாண்டுக்குப் பிறகு 2010இல், தம்மிடம் இருந்த பிரதியைக் கொண்டு அதை மறுபடி அச்சேற்றியவர் கும்பகோணம் தொகுதியின் முன்னாள் எம்.பி. இரா. செழியன். நம் தொகுதிக்காரர் செய்த இந்த வேலை நம்மில் பலருக்குத் தெரியாது.

காவிரி

சுவாமிமலையில் வார்ப்புத் தொழிலுக்குக்கூட அச்சு எடுக்கக் காவிரியின் வண்டல் மண்தான் வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் இல்லை. ஆகவே காவிரியில் யார் என்ன செய்தார்கள் என்பதை வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் காலம் 1974இல் முடிந்தது. அதற்கு முன்பே, பேசித் தீர்க்கலாம் என்ற இந்திரா காந்தி அரசின் உறுதியை நம்பி, தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் போட்டிருந்த வழக்கை 1972இல் திரும்பப் பெற்றது. பேச்சு நீண்டுகொண்டே போனது. 1983இல் தஞ்சை விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 1986இல் மாநில அரசு நடுவர் மன்றம் கேட்டு முறைப்படி விண்ணப்பித்தது. ராஜீவ் காந்தி அரசு மீதமிருந்த மூன்றாண்டுக்கும் மேலாக அதை அமைக்கவில்லை.

1990 மே 4 அன்று உச்ச நீதிமன்றம், விவசாயிகள் தொடுத்த வழக்கில், ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்க உத்தரவிட்டது. ஜூன் 2 அன்று வி.பி. சிங் அரசு அமைத்தது. டீக்கடைப் பெரியவர் சொன்ன பெருமையில் பாதி நீதிமன்றத்துக்கும் வழக்குப் போட்ட விவசாயிகளுக்கும் போக வேண்டும். மீதிப் பாதி வி.பி. சிங்குக்கு நிச்சயம் உண்டு. உத்தரவு வந்தபிறகும் காலம் கடத்த அரசுகளுக்கு ஆயிரம் வழி தெரியும், அவர் கடத்தவில்லை.

1991 ஜூன் 25 அன்று நடுவர் மன்றம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்று இடைக்காலத் தீர்ப்புச் சொன்னது. கர்நாடகம் அதை மறுத்து அவசரச் சட்டம் போட, விவகாரம் குடியரசுத் தலைவர் மூலம் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்குப் போனது. அந்தச் சட்டம் செல்லாது என்று கருத்து வந்ததும், அந்த டிசம்பரிலேயே நரசிம்ம ராவ் அரசு தீர்ப்பை அரசிதழில் வெளியிட்டது. ஆம், அதே நரசிம்ம ராவ். வாஜ்பாய் 1998இல் பிரதமர் தலைமையில் காவிரி நதிநீர் ஆணையம் அமைத்தார். 2002 வறட்சியில் அது சொன்ன தண்ணீரையே கர்நாடகம் முழுதாக விடவில்லை. நிறைவேற்றும் கருவி ஆணையத்தின் கையில் இல்லை. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5 அன்று வந்தது. தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. மன்மோகன் சிங் அரசு அதை அரசிதழில் வெளியிட்டது 2013 பிப்ரவரியில். நடுவில் ஆறு ஆண்டுகள். 2012இல் மேட்டூர் திறந்தது செப்டம்பரில்தான். அந்த ஆண்டு ஆற்றுப் பாசனத்தை நம்பிய குறுவை போயிற்று. இறுதியில் 2018இல் உச்ச நீதிமன்றம் 404.25 என்று குறைத்து முடித்தது.

இந்த வரிசையைப் பார்த்தால், நாம் அதிகம் நேசித்தவரும் அதிகம் வெறுத்தவரும் காவிரியில் கடமையைச் செய்தவர்களாகவும், மென்மையானவர் என்று நாம் மதித்தவர் தாமதித்தவராகவும் தெரிகிறார்கள்.

நம் சமுதாயக் கணக்கு

வி.பி. சிங் மண்டல் பரிந்துரையை 1990 ஆகஸ்ட் 7 அன்று அறிவித்தார். மத்திய அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை சமூகத்தினர் மத்தியப் பட்டியலிலும் இருப்பதால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது பயன்படுகிறது. மண்டல் குழுவை 1979இல் அமைத்தவர் மொரார்ஜி, அறிக்கை பத்தாண்டு தூங்கியது, எடுத்தவர் வி.பி. சிங். மத்தியக் கல்வி நிறுவனங்களில் இதே இடஒதுக்கீடு வந்தது மன்மோகன் சிங் காலத்துச் சட்டத்தால். தமிழ்நாட்டின் 3.5 சதவீத முஸ்லிம் உள்ஒதுக்கீடு 2007இல் மாநில அரசு கொடுத்தது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறவர்கள் நிறைய. சான்றிதழுக்கு அலையும்போது இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

பாபரி பள்ளிவாசல் விவகாரத்தில் ரத யாத்திரை தடுக்கப்பட்டு, பா.ஜ.க. ஆதரவை விலக்கியபோது, வி.பி. சிங் பதவியைக் காப்பாற்றக் கொள்கையை விற்கவில்லை. 1990 நவம்பர் 7 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். இது நம்பகம். ஆனால் காஷ்மீரில் அந்த ஜனவரியில் ஜக்மோகனை ஆளுநராக அனுப்பியதும் அவருடைய அரசே. ஸ்ரீநகர் கவ்கதலில் ஊர்வலத்தினர் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த மாதம்தான். நாம் அதைப் பேசுவதில்லை. காஷ்மீர் முஸ்லிம்கள் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதாலா?

ராஜீவ் காந்தி விஷயத்தில் நம் மறதி வேறு விதம். ஷா பானு தீர்ப்புக்குப் பிறகு 1986இல் வந்த முஸ்லிம் பெண்கள் சட்டத்தை நம் சமுதாயத்தில் பெரும்பாலோர் வரவேற்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று பாபரி பள்ளியின் பூட்டு நீதிமன்ற உத்தரவால் திறக்கப்பட்டது; உத்தரவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அது நடந்தது. அதைத் தடுக்க மேல்முறையீட்டுக்கு அரசு ஓடவில்லை. ஒரு கையால் வாங்கியதை நினைவில் வைத்து, மறு கையால் போனதை மறந்துவிட்டோம்.

இனி நரசிம்ம ராவ். 1992 டிசம்பர் 6. உத்தரப் பிரதேச அரசு உச்ச நீதிமன்றத்துக்கே வாக்குறுதி கொடுத்திருந்தது. மத்தியப் படைகள் பக்கத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தன. பட்டப்பகலில் பல மணி நேரம் இடிப்பு நடந்தது. மீண்டும் கட்டித் தரப்படும் என்று அறிவித்ததும் நடக்கவில்லை. உமர் (ரலி) அவர்களின் இரு சொற்களில், இயலாமை என்பதற்கு மறுப்பே கிடையாது. மோசடி என்றும் பலர் சொல்கிறார்கள். விசாரிக்க அமைத்த லிபரான் ஆணையம் அறிக்கை தர 17 ஆண்டு எடுத்துக்கொண்டது. அதுவும் அவரைக் குற்றவாளியாக்கவில்லை. உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ் அறிவான். சாட்சியம் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை எழுத நம் பேனா துணியவில்லை. இதைப் படித்துச் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் 1947இல் இருந்த நிலையிலேயே வழிபாட்டுத் தலங்கள் இருக்க வேண்டும் என்ற 1991ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் ஆட்சியில் வந்ததுதான். இன்று வேறு பள்ளிவாசல்கள்மீது வழக்கு வரும்போது நம் வக்கீல்கள் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

மன்மோகன் சிங் 2005இல் சச்சார் குழுவை அமைத்தார். நம் நிலை என்ன என்று அரசே எண்களோடு சொன்ன அறிக்கை அது. சிறுபான்மை நலத்துறை, கல்வி உதவித்தொகை, தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லாம் அந்த ஆட்சியில். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் யு.ஏ.பி.ஏ. சட்டத்தைக் கடுமையாக்கி, ஜாமீனை அரிதாக்கியதும் அந்த ஆட்சியே. உதவித்தொகை வாங்கிப் படித்த பிள்ளைகளும், அந்தச் சட்டத்தில் வருடக்கணக்கில் சிறையில் இருந்து விடுதலையானவர்களும் ஒரே சமுதாயத்தில்தான் இருக்கிறார்கள்.

நம்மவர் என்பதால்

ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களைப் பற்றி நாம் குறையே கேட்க விரும்புவதில்லை. எளிமை, உழைப்பு, மாணவர்கள்மீது அன்பு எல்லாம் உண்மை. குடியரசுத் தலைவராக, ஆதாயம் தரும் பதவி மசோதாவை 2006இல் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பித் துணிவு காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு பீகார் சட்டமன்றக் கலைப்புக்கு மாஸ்கோவில் இருந்தபடி கையெழுத்திட்டார்; அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ராவுக்கு ஓர் அளவுகோல், கலாமுக்கு ஓர் அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் அந்நிஸா வசனத்தை நாம் ஓதி என்ன பயன்?

அமெரிக்காவில் 1948 முதல் வரலாற்றாசிரியர்களைக் கேட்டு அதிபர்களுக்குத் தரவரிசை போடுகிறார்கள். 1962இல் பாதிக்கும் கீழே இருந்த ஐசனோவர், கோப்புகள் வெளிவந்து ஆராய்ந்தபின், 2017 பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு வந்தார். நம் நாட்டில் பத்திரிகைக் கருத்துக்கணிப்புகள் தவிர அப்படி நிலைத்த ஏற்பாடு இல்லை. பழைய கோப்புகள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்வதே மெதுவாக நடக்கிறது. இங்கே நாம் எழுதியிருப்பதிலும் சில, புதிய கோப்புகள் வந்தால் மாறலாம்.

அடுத்த வாரம் அதே கடையில் பெரியவரைப் பார்த்தோம். 1983 வழக்கையும் உச்ச நீதிமன்ற உத்தரவையும் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "அப்ப கோர்ட்டுக்குப் போன அந்த விவசாயிங்க பேரு ஒண்ணும் நமக்குத் தெரியலையே ஹஜ்ரத்" என்றார். நமக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை.